வாசிக்கப்பட்டதாகக் கொள்ளவும்

எங்கள் கல்லூரியில் கைதட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஆண்டு விழாவில் முதல்வர் ஆண்டறிக்கை வாசிப்பார். ஆசிரியர்களும் அலுவலர்களும் அந்த வருஷம் செய்த சாதனைகள் அதில் வரும். யார் டாக்டர் பட்டம் வாங்கினார், யார் புத்தகம் போட்டார், யார் எந்தக் கருத்தரங்கில் பேசினார் என்று வரிசையாகப் போகும். பெயர் வாசித்ததும் அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். அவருடைய துறைக்காரர்கள் முதலில் தட்டுவார்கள். துறை மாணவர்கள் பின்னால் இருந்து விசில் அடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மரியாதைக்குத் தட்டுவார்கள். துறையிலிருந்து முதல் தட்டு விழாவிட்டால் அரங்கில் ஒருத்தரும் தட்ட மாட்டார்கள். நின்றவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நான் நூலகர். எனக்குத் துறை கிடையாது, மாணவர்கள் கிடையாது. இருபத்தாறு வருஷம் அந்த அரங்கில் மரியாதைக்குத் தட்டுகிற கூட்டத்தில் உட்கார்ந்து தட்டியிருக்கிறேன்.

அந்தச் சாதனைப் பட்டியலைத் தயாரிப்பதும் நான்தான். கட்டுரைகளும் ஆய்வேடுகளும் நூலகத்துக்குத்தான் வருகின்றன, அதனால் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு கட்டுரையில் எவ்வளவு அடுத்தவன் எழுதியது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்வதும் என் வேலை. பிளேஜரிசம் செக் என்பார்கள். இந்தக் கல்லூரியில் யார் உழைத்து எழுதுகிறார், யார் வெட்டி ஒட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூமுக்குள் நான் நுழைந்தால் பேச்சு ஏன் நிற்கிறது என்பதற்கும் இதுவே காரணம். நான் ஒன்றும் இனிமையான ஆள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், இப்போது ஓய்வுபெற்றுவிட்ட துறைத் தலைவர் ஒருவர் ஒரு சர்வதேசக் கருத்தரங்கில் பேசியதாகப் படிவம் கொடுத்தார். அவரே எழுதி, துறைத் தலைவர் என்கிற இடத்தில் அவரே கையெழுத்தும் போட்டிருந்தார். அறிக்கையில் ஏற்றினோம், அரங்கமே தட்டியது. பிறகு விசாரித்தால் அந்தக் கருத்தரங்கு நடக்கவே இல்லை. அன்றைக்கு அவர் கொடைக்கானலில் மச்சினன் கல்யாணத்தில் இருந்திருக்கிறார். நான் கத்தினேன். கத்தி, ஒரு விதியைக் கொண்டுவந்தேன். யாரும் தன் படிவத்தில் தானே கையெழுத்துப் போடக் கூடாது. துறைத் தலைவராக இருந்தால் இன்னொரு துறைத் தலைவர் போட வேண்டும். கையெழுத்து இல்லாத படிவம் பட்டியலில் ஏறாது. அன்றைய முதல்வர் ஒப்புக்கொண்டார். நல்ல விதி என்று இன்றைக்கும் சொல்வேன்.

போன வருஷம் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஐம்பத்து மூன்று வயதில்.

வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது வருஷம் செய்த ஆய்வு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மில் தொழிலாளர் குடும்பங்களில் யார் என்ன படிக்கிறார்கள் என்பது தலைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ் பிடித்து, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு மில் வாசலில் போய் நிற்பேன். ஆலங்குளம் சிமெண்ட் ஃபாக்டரிக் குடியிருப்பில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். லோன் தவணை வசூலிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று ஸ்பின்னிங் மில் ஆள் ஒருத்தரிடம் கேட்டேன். பேங்க் பாஸ்புக் என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன், ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

அம்மா இருந்தவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள், இன்னும் எம்புட்டு நாள் படிப்ப என்று. நாலாவது அத்தியாயம் எழுதும்போது அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்க ஆள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு வீடு, அதில் நான் மட்டும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

மதுரையில் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. அது எல்லோரும் வந்து பார்க்கும்படி நடப்பது. மற்றவர்கள் வேன் பிடித்துத் துறையையே கூட்டிக்கொண்டு போவார்கள். வந்தவர்களுக்கு ஸ்வீட், காரம், காபி கொடுப்பது வழக்கம். நான் முப்பது பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். நெறியாளர் இருந்தார், வெளியூர்த் தேர்வாளர் இருந்தார், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு மூன்று ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தார்கள். தேர்வாளர் அந்த பாஸ்புக் பதிலைப் படித்துவிட்டுச் சிரித்தார், நல்ல ஆய்வு என்றார். கைகுலுக்கினார். சாயங்காலம் மீதி இருபத்தைந்து பாக்கெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டார்.

மறுநாள் அந்த பாக்கெட்டுகளை எங்கள் அட்டெண்டரிடம் கொடுத்தேன். நூலகத்தில் நானும் அவளும்தான். சோழபுரத்தில் இருந்து வருகிறாள். புருஷன் மில்லில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார். பதினோரு வருஷமாகப் புத்தகத்தை அடுக்கித் தூசி தட்டுகிறாள்.

"எதுக்கு மேடம் இம்புட்டு?" என்றாள்.

மீந்துபோச்சு என்றேன். அவள் பிள்ளைகளுக்கென்று பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷ ஆண்டு விழாவில் முதல்வர் என் பெயரை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் பெயரைத் தட்டச்சு செய்து கொடுத்தவள், ஒரு தடவை என் பெயரைக் கேட்க ஆசைப்பட்டேன். கைதட்டலைப் பற்றி யோசிக்கவில்லை. எழுந்து நின்று உட்கார்ந்தால் போதும். வீட்டில் சொல்ல ஆள் இல்லாதவளுக்கு அந்த அரங்கம்தான் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தை நிரப்பினேன். பெயர், பதவி, சாதனை. துறைத் தலைவர் கையெழுத்து என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நூலகத்துக்குத் தலைவர் நான். நான் போட்டால் நான் கொண்டுவந்த விதியை நானே மீறுகிறேன். வேறு துறைத் தலைவர் போட வேண்டும். ஆனால் அதற்கு என்னை முதலில் துறைத் தலைவர் என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டுமே.

நூலகக் குழுவுக்குத் தலைவர் வணிகவியல் துறைத் தலைவர். அவரிடம் போனேன். ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டு நாலைந்து பேர் இருந்தார்கள்.

"மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க டீச்சிங்கா, நான்-டீச்சிங்கா?"

சம்பளம் ஆசிரியர் ஸ்கேலில் வாங்குகிறேன், லீவு அலுவலகக் கணக்கில் எடுக்கிறேன் என்றேன். உண்மை அதுதான். கோடை விடுமுறையில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள், நான் புத்தகத்தை எண்ணிக்கொண்டிருப்பேன்.

"அப்ப பாதி இங்க, பாதி அங்க. பாதிக் கையெழுத்துப் போட்டாப் போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட மனுஷன் இல்லை, டீ நேரத்துக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போட்டிருப்பார். நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

"உங்க பேப்பர்ல பாதிக்கு மேல வேற ஆள் எழுதினது சார். அதுக்கு மட்டும் சொந்த எழுத்துன்னு முழுக் கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

டீ கிளாஸை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவர் படிவத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். எந்தப் பட்டியலில் வருகிறீர்கள் என்று ஆபீஸில் முடிவு செய்துகொண்டு வாருங்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஆபீஸில் அலுவலர் பட்டியலை எழுதி என்னிடம் அனுப்புகிற கண்காணிப்பாளர், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற, பழைய தலைமுறை மனுஷர். யாரையும் நோகடிக்காமல் வேலையைத் தள்ளிவிடுவதில் கெட்டிக்காரர். உட்காரச் சொன்னார். மோர் வரவழைத்தார்.

"மேடம், நீங்க பெரிய ஸ்கேல். எங்க லிஸ்ட்டு சின்ன லிஸ்ட்டு. போன வருஷம் வாட்ச்மேன் ரத்தம் குடுத்ததப் போட்டோம். அதுக்குக் கீழ உங்க டாக்டர் பட்டத்தக் கொண்டாந்து வச்சா நல்லாவா இருக்கும்?"

வாட்ச்மேன் கொடுத்த ரத்தம் ஒரு ஆளைப் பிழைக்க வைத்திருக்கும், என் ஆய்வேடு யாரைப் பிழைக்க வைத்தது, எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, போடுங்கள் என்றேன். அவர் கும்பிட்டார். துறைத் தலைவர் கையெழுத்தோடு வாருங்கள், மறுபேச்சு இல்லாமல் ஏற்றிவிடுகிறேன் என்றார்.

அவர் கையெழுத்துக் கேட்கிறார், இவர் பட்டியலைக் கேட்கிறார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் வேப்பமரத்தடியில் கையில் ஒரு தாளோடு நின்றேன். அந்த விதியைக் கொண்டுவந்தவளை அப்போது கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

அந்தக் கோபத்தோடு நூலகத்துக்கு வந்தேன். அட்டெண்டர் என் மேஜை அருகில் ஒரு தாளோடு நின்றுகொண்டிருந்தாள். செத்த நேரம் பார்க்கணும் மேடம் என்றாள். எதுவானாலும் அப்புறம் என்றேன். அவள் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் என் தாளையும் அவள் தாளையும் சேர்த்து இழுப்பறைக்குள் தள்ளி ஓங்கிச் சாத்தினேன். கோபத்தில் சாமானைத் தட்டுவது எனக்குப் பழக்கம். பஞ்சிங் மெஷின் ஒன்று ஏற்கெனவே உடைந்திருக்கிறது.

அதற்கடுத்து மூன்று நாள் அலைந்தேன். என் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு போவேன், கையெழுத்து இல்லாமலே திரும்பி வருவேன். இன்னும் இரண்டு துறைத் தலைவர்களைப் பார்த்தேன். ஒருவர், வணிகவியல் சார் என்ன சொல்கிறார் என்று கேட்டார். இன்னொருவருக்கு என் மேல் பழைய கணக்கு, அவர் மாணவனின் ஆய்வேட்டை நான் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தேன். அவர் வாழ்த்துச் சொன்னார். வாழ்த்து மட்டும் சொன்னார்.

கடைசியில் முதல்வரிடமே போனேன். அவர் ஒரு போனில் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டு, இன்னொரு போனில் சிறப்பு விருந்தினரின் ரயில் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பாதி கேட்டார்.

"இதுக்கா இம்புட்டு அலைஞ்சீங்க? 'பிற' ன்னு ஒரு தலைப்புப் போட்டு அதுல உங்க பேரப் போடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

போட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு தலைப்பு. பிற. அதற்குக் கீழே முதலில் கேன்டீன் கட்டட விரிவாக்கம், இரண்டாவது குடிநீர் இயந்திரம், மூன்றாவது நான். நானே தட்டச்சு செய்தேன். அறிக்கை அச்சுக்குப் போனது.

என் தம்பி திருநெல்வேலியில் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். விழா அன்று காலையில் போன் செய்தான். மந்திரி வருகிறார், பந்தோபஸ்துக்குப் போட்டுவிட்டார்கள் என்றான்.

"அதனால என்னக்கா, பேரு வாசிக்கையில வீடியோ எடுத்து அனுப்பு. பிள்ளைகளுக்குக் காட்டுதேன்."

"ஏலே, என் பேரை வாசிக்கையில நான் எழுந்து நிக்கணும். நான் எப்படிலே வீடியோ எடுக்க?"

அவன் சிரித்தான். பக்கத்தில் யாரிடமாவது போனைக் கொடு என்றான். யாரிடம் கொடுப்பது என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் கல்லூரி வாசலில் இறங்கும்வரை ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை.

அரங்கத்தில் துறை துறையாக நாற்காலி போட்டிருந்தார்கள். நான் எப்போதும் உட்காருகிற இடம், இடது ஓரம், ஆசிரியர் வரிசைக்கும் அலுவலர் வரிசைக்கும் நடுவில் இருக்கும் தூணுக்குப் பக்கம். அம்மாவின் அரக்குப் புடவையைக் கட்டியிருந்தேன். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது பின்வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால் அட்டெண்டரின் குடும்பம் இருந்தது. புருஷன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மாமியார் காலைத் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டிருந்தாள். இரண்டு பெண்களுக்கும் தலை நிறையப் பூ. அட்டெண்டர் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வழக்கமாக அவள் மேடைக்குத் தண்ணீர் பாட்டில் வைக்கிற வேலையில் இருப்பாள். பிள்ளைகளுக்கு டான்ஸ் காட்டக் கூட்டிவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல்வர் வாசித்தார். கணிதத்தில் இரண்டு பேர். தட்டினார்கள். இயற்பியலில் ஒருவர், வெளிநாட்டு இதழில் கட்டுரை, பெரிய கைதட்டல், அது நியாயமானதும்கூட, அந்தப் பெண் வார்த்தைக்கு வார்த்தை தானே எழுதியவள். வணிகவியல் துறைத் தலைவரின் புத்தகம். மாணவர்கள் விசில் அடித்துக் கூரையைத் தூக்கினார்கள். எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் தட்டினேன். பிறகு அலுவலர்கள். தட்டச்சர் ஒருத்தர் மாவட்ட அளவில் கேரம் போட்டியில் ஜெயித்தது, ஆய்வக உதவியாளர் ஒருத்தர் முப்பது வருஷப் பணி முடித்தது, வாட்ச்மேன் மறுபடியும் ரத்தம் கொடுத்தது. அலுவலர் வரிசை எல்லாவற்றுக்கும் தட்டியது.

சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ரயில். முதல்வர் பார்த்துவிட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான் முன்னாலேயே நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன்.

"நேரமின்மை காரணமாக, 'பிற' என்ற தலைப்பில் உள்ளவை வாசிக்கப்பட்டதாகக் கொள்ளவும்."

அரங்கம் மொத்தமாகக் கைதட்டியது. அறிக்கை முடிந்ததற்கான கைதட்டல். நான் பாதி எழுந்த நிலையில் இருந்தேன். புடவையைச் சரிசெய்வதுபோல் செய்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

டான்ஸுக்காக விளக்கை அணைத்தார்கள். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். அட்டெண்டர் குடும்பம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. மாமியார் ஏதோ கேட்டுக்கொண்டே போனாள், புருஷன் அவளைத் தோளில் கைவைத்து நகர்த்தினான். டான்ஸ் பார்க்க வந்தவர்கள் டான்ஸுக்கு முன்னால் ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு என் கதை.

நூலகத்துக்குப் போனேன். அச்சடித்த அறிக்கையை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று திறந்தேன். அறிக்கை உள்ளே போகவில்லை, ஏதோ தடுத்தது. கையை விட்டு எடுத்தேன். ஓரம் கசங்கிய ஒரு தாள்.

நான் நிரப்பியது போன்ற சாதனைப் படிவம்தான், ஆனால் எழுத்து என்னுடையது இல்லை. உருண்டை உருண்டையான எழுத்து. பதவி என்ற இடத்தில் நூலக அட்டெண்டர். சாதனை என்ற இடத்தில் நூலகவியல் சான்றிதழ்த் தேர்வில் முதல் வகுப்பு. துறைத் தலைவர் கையெழுத்து என்ற இடம் காலி. நான் எங்கே போட வேண்டும் என்பதற்குப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

அவள் படித்தது எனக்குத் தெரியும். ஆறு மாதம், சனி ஞாயிறு விடியற்காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனாள். ஒரு நாள் என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, மேடம் இது 630, விவசாயம், நீங்க 360-ல வச்சிருக்கீய என்றாள். புத்தகத்தை அடுக்குவதற்கான பொருள் எண்ணை நான் தப்பாகப் போட்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. தேர்வு எழுதினாள் என்று தெரியும். முடிவு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்ல வந்த அன்றைக்குத்தான் அப்புறம் என்றேன்.

அவள் பெயரை வாசிப்பார்கள் என்று வீட்டில் எல்லோரையும் கூட்டிவந்திருக்கிறாள். அந்தக் கிழவி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாட்ச்மேன் ரத்தம் கொடுத்தது வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருப்பாள்.

மூன்று நாள் அதே இழுப்பறையைத் திறந்து என் தாளை மட்டும் எடுத்திருக்கிறேன். நான் தேடி அலைந்த கையெழுத்து யாரோ ஒருத்தர் கையில் இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது என் கையில் இருந்தது. அதற்கு எந்த விதியும் தடை இல்லை. பேனாவை எடுத்துப் போட்டிருந்தால் அரை நிமிஷம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. தம்பி வீடியோ எங்கே என்று செய்தி அனுப்பியிருந்தான். வாசிக்கவில்லை என்று பதில் போட்டேன். சரி விடு என்று வந்தது.

காலையில் அவள் எப்போதும்போல வந்தாள். ஜன்னலைத் திறந்தாள். துணியை உதறினாள். நான் படிவத்தை மேஜையில் வைத்து, இது என் இழுப்பறையில் கிடந்தது, என் தப்பு என்றேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. வார்த்தை முறைப்பது போலத்தான் வந்தது.

"தெரியும் மேடம். நீங்க லிஸ்ட்டு அடிக்கதுக்கு முந்தியே மேஜை தொடைக்கையில பாத்தேன். டிராயர் முழுசா மூடாம இருந்துச்சு."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நீங்க உங்க பாரத்தத் தூக்கிட்டு அலைஞ்சிட்டு இருந்தீய. அந்நேரம் எப்படிக் கேக்க? லிஸ்ட்டு அடிக்கது நீங்கதான, பொறவு சேத்திருப்பீயன்னு நெனச்சேன்."

மாமியார் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"உன் பேரு எப்ப வரும், உன் பேரு எப்ப வரும்னு கேட்டுட்டே இருந்தாவ. அடுத்த வருஷம்னு சொல்லிட்டேன்." துணியை மடித்தாள். "உங்க பேரையும் வாசிக்கல மேடம். நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

யாரும் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் தப்பு வந்துவிட்டால் பிழைதிருத்தம் அச்சடித்து உள்ளே ஒரு சீட்டு ஒட்டுவார்கள். எங்கள் தொழிலில் அதற்கு மேல் பரிகாரம் கிடையாது. படிவத்தில் அந்தப் பெருக்கல் குறியின் மேல் கையெழுத்துப் போட்டேன். முதல்வரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அலுவலர் சாதனைகளில் ஒன்று விட்டுப்போனது, என் தவறு, சீட்டு ஒட்ட வேண்டும் என்றேன். அவர் அறிக்கையைப் புரட்டினார்.

"ஒட்டிக்கோங்க மேடம். இனிமே யாரு படிக்கப் போறா?"

அந்தச் சீட்டில் என்னைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அலுவலர் பட்டியலுக்கு என்னை மாற்றிக்கொண்டிருக்கலாம். சேர்க்கவில்லை. கேன்டீனுக்கும் குடிநீர் இயந்திரத்துக்கும் கீழேயே இருக்கட்டும். அது பிழை இல்லை, நான் தட்டச்சு செய்ததுதான்.

மூன்று நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். அவள் பசை தடவுவாள், நான் ஒட்டுவேன். முதல் பிரதியை ஒட்டியதும் அவள் கையைத் துடைத்துவிட்டு, சத்தமா வாசிங்க மேடம், எப்படி இருக்குன்னு கேப்போம் என்றாள். அவள் பெயர், பதவி, சான்றிதழ், முதல் வகுப்பு. வாசித்தேன். நூலகத்தில் அப்போது யாரும் இல்லை. நான் என்னமோ முதல்வர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிரதியை மாமியாரிடம் காட்ட வேண்டும் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

என் பிரதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. காட்ட ஆள் இல்லை. தம்பி பொங்கலுக்கு வந்தால் காட்டுவேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்குக் கிடைக்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துறை கிடையாது என்று முதலிலேயே எழுதினேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். அவளுடைய படிவத்தில் துறை என்ற இடத்தில் அவள் நூலகம் என்று எழுதியிருந்தாள். துறைத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். அன்றைக்கு அவள் பெயரை வாசித்திருந்தால், எங்கள் கல்லூரி முறைப்படி, முதல் கைதட்டல் நான்தான் போட வேண்டும். போட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. என் பெயர் எப்போது வரும் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.